இடறாத வரி

சிறைக்குள் திரைகளுக்கு அனுமதி இல்லை. ஆணையத்தின் இறுதி அறிக்கையைக் காகிதத்தில் அச்சிட வேண்டிவந்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

தூத்துக்குடியில் ஒரு தனியார் ஐஸ் ஆலையில் அம்மோனியா கசிந்து பதினொரு பேர் இறந்திருந்தார்கள். ஆலையை ஒட்டிய கூடத்தில் இறால் பொதி கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஒன்பது பேர் பெண்கள். அரசு ஒரு நபர் விசாரணை ஆணையம் அமைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி தாணுலிங்கம் தலைவர். செயலர் சுகிர்தாவுக்கு ஐம்பத்தொரு வயது. அறிக்கையை எழுதுவது அவர் பொறுப்பு. பதினான்கு மாதங்களில் நாற்பத்தேழு சாட்சிகளை விசாரித்து, பதினேழு முறை திருத்தி முடித்திருந்தார்கள்.

அறிக்கை எவர்மீது குற்றம் காண்கிறதோ அவருக்கு, அரசிடம் சமர்ப்பிக்கும் முன் வரைவின் படியைக் கொடுத்து ஏழு நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. அந்த நபர் இக்னேசியஸ் மச்சாது. விபத்து நடந்த மதியம் கம்ப்ரஸர் அறையில் பணியில் இருந்த ஆபரேட்டர். இரண்டு முறை ஜாமீன் மறுக்கப்பட்டு மத்தியச் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தார்.

ஆணைய அலுவலகத்தில் அச்சு இயந்திரம் இல்லை. நகரத்தில் இன்னும் காகிதத்தில் அச்சிட்டுக்கொண்டிருந்தவர்கள் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள் மட்டுமே. அப்படி ஓர் அச்சகத்துக்கு சுகிர்தா போனார். அச்சகக்காரர் கோப்பைத் திறந்து பார்க்காமலேயே கேட்டார்.

“இருநூத்திப் பன்னெண்டு பக்கமா? மாப்பிள்ளை வீட்டுல அவ்வளவு பேரா? மூலையில மஞ்சள் தடவிரட்டுமா மேடம்?”

“வேண்டாம். சாவு விஷயம்.”

அச்சகக்காரர் தாள் வெட்டும் கூலியை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

கைதிக்குக் கொடுக்கும் படியின் ஒவ்வொரு பக்கத்திலும் செயலர் சுருக்கொப்பமிட வேண்டும். சுகிர்தா மதிய உணவுக்குப் பிறகு உட்கார்ந்தார். வாசிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. எல்லாம் பலமுறை வாசித்ததுதான். நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தின் அடியில் பேனாவை வைத்தபோது கடைசி வரி கண்ணில் பட்டது.

‘அபாய மணி ஒலித்ததைக் கேட்டும், மச்சாது பிரதான வால்வை மூடாமல் ஆலையை விட்டு வெளியேறினார்.’

அவர் அதை எழுதவில்லை. அந்த இடத்தில் மூன்று வாக்கியங்கள் எழுதியிருந்தார். நீதிபதியோடு அரைநாள் வாதாடி எழுதியவை என்பதால் மனப்பாடமாகவே இருந்தன. ‘அபாய மணி ஒலித்ததாக ஒரே ஒரு சாட்சி கூறுகிறார். மற்றவர்கள் மறுக்கிறார்கள். மணி ஒலித்திருந்தாலும் மச்சாது அதைக் கேட்டாரா என்பதை ஆணையத்தால் உறுதிசெய்ய இயலவில்லை.’

அச்சகத்தில் தவறு நேர்ந்திருக்குமோ என்று திரையில் பக்கத்தைத் திறந்தார். அங்கேயும் காகிதத்தில் இருந்த அதே வரிதான். காகிதத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான்காவது முறை திரைக்குத் திரும்பியபோது ‘கேட்டும்’ என்ற சொல் அங்கே இல்லை. ‘மணி ஒலித்தபின் மச்சாது வெளியேறினார்’ என்று வரி இன்னும் எளிதாகியிருந்தது. அவர் பார்க்கப் பார்க்க ‘பிரதான வால்வை’ என்பதும் ‘வால்வை’ ஆனது.

சதக்கை வரச் சொன்னார். சதக் காயல்பட்டினத்துக்காரர், ஆணையத்தின் கணினிகளை ஒப்பந்தத்தில் கவனித்துக்கொள்பவர்.

“மேடம், இது கோளாறு இல்ல” என்றார் சதக். “தெளிவி வேலை செய்யுது, அவ்வளவுதான். இதுக்குத்தான் அதை வாங்கியிருக்காங்க.”

“எழுத்தைப் பெருசு பண்ணும், கஷ்டமான வார்த்தைக்கு அர்த்தம் சொல்லும். அதுதானே தெளிவி?”

“அது மொதல்ல வந்தது. இப்ப உள்ளது உங்க கண்ணைப் பாக்குது. எந்த இடத்துல நிக்குறீங்க, எந்த இடத்துல திரும்பிப் போய் ரெண்டாவது வாட்டி வாசிக்கிறீங்கன்னு. நின்னீங்கன்னா இடறுறீங்கன்னு எடுத்துக்கும். அடுத்த வாட்டி இடறாத மாதிரி லேசா மாத்திக் குடுக்கும்.”

“குடுக்கட்டும். என் கோப்புக்குள்ள எப்படிப் போச்சு?”

“நீங்க சேமிச்சீங்கல்ல? திரையில என்ன பாத்தீங்களோ அதுதானே சேமிப்பாகும்? ஆட்சேபம் சொல்லலன்னா ஏத்துக்கிட்டதா அர்த்தம்.”

“தெரிஞ்சாத்தானே ஆட்சேபம் சொல்ல?”

“தெரிஞ்சா அது இடறல் மேடம்” என்றார் சதக். “தெரியாம மாத்துறதுதான் அதோட திறமை.”

திருத்தங்களின் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். மூன்றாம் திருத்தத்தில் ‘ஒரே ஒரு’ போயிருந்தது. ஐந்தில் ‘மற்றவர்கள் மறுக்கிறார்கள்’ இல்லை. எட்டில் ‘கூறுகிறார்’ ‘தெரிவிக்கிறார்’ என்றாகி, பதினொன்றில் ‘தெரியவருகிறது’ ஆகியிருந்தது. பதினான்கில் மிஞ்சிய இரண்டு வாக்கியங்களும் ஒன்றாயின. ஒவ்வொரு முறையும் சுகிர்தா வாசித்து, திருப்தியடைந்து, சேமித்திருந்தார். நேரமும் தேதியும் இருந்தன.

அவருக்குப் புரிந்தது எளிய விஷயம். மனிதக் கண் சந்தேகத்தின்மேல் சற்று நிற்கிறது. ‘ஒருவேளை’, ‘எனச் சொல்லப்படுகிறது’, ‘உறுதியில்லை’ போன்ற இடங்களில் எல்லாரும் கொஞ்சம் மெதுவாகிறார்கள். தெளிவிக்கு அது சந்தேகம் என்று தெரியாது. தடை என்று மட்டும் தெரியும்.

“அணைச்சு வை” என்றார்.

“அரசு ஆவணத்துல முடியாது மேடம். எல்லாரும் தடையில்லாம வாசிக்கணும்னு சட்டமே இருக்கு. கண்ணு தெரியாதவங்க, படிப்புக் கம்மியானவங்கன்னு எத்தனையோ பேருக்கு நல்லது நடந்திருக்கு. எங்க வாப்பா இதாலதான் பத்திரிகை வாசிக்கிறாங்க.”

அதில் பொய் இல்லை. தெளிவி வந்த பிறகு அரசு அலுவலகங்களில் புகார்கள் குறைந்தன. நீதிமன்றங்களில் மேல்முறையீடுகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஒரே தீர்ப்பை இரு தரப்பும் அவரவர் திரையில் வாசித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள் என்று வழக்கறிஞர்கள் கேலியாகச் சொல்வதுண்டு. கேலிக்கு மேல் எவரும் அதை எடுத்துச் செல்லவில்லை.

தாணுலிங்கம் நாகர்கோவில்காரர். எழுபத்துமூன்று வயது. சுகிர்தா காகிதத்தை நீட்டியபோது கண்ணாடியைத் தேடவே அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“இது நான் ஒத்துக்கிட்ட வரி இல்லையேம்மா.”

“நாலு தடவை வாசிச்சு ஒப்புதல் குடுத்திருக்கீங்க சார்.”

“வாசிச்சேன். ஒரு தடவகூட எங்கயும் தட்டல்ல. நல்லா எழுதியிருக்கியள்னு பாராட்டுனேன் பாருங்க, அது ஞாபகம் இருக்கு.” தாளை மேசையில் வைத்தார். “இத நம்பி அந்த ஆள ஜெயில்ல போட்டா எத்தன வருஷம்?”

“பத்து வரைக்கும் போகலாம் சார்.”

“பதினாறு நாளுதான் கெடு பாக்கி. அவனுக்கு ஏழு நாள் குடுக்கணும். அப்ப நமக்கு ஒம்பது.” கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். “ஆணையச் சட்டத்துல மூலம் எதுன்னு இருக்கு?”

“தலைவர் கையொப்பமிட்ட படி.”

“திரைன்னு இல்லையே?”

“இல்ல சார். பழைய சட்டம்.”

“அப்ப காகிதத்துல போடுவோம். மூணு வரி இடம் விட்டு அடிக்கச் சொல்லுங்க. பென்சில் கிடைக்குமா ஊர்ல?”

கிடைத்தது, ஓவியம் வரைபவர்களுக்கான கடையில்.

ஒன்பது நாள் அவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். நீதிபதி ஓர் அளவுகோலை வரியின் கீழே வைத்து, அடுத்த வரியை மறைத்து, உரக்க வாசிப்பார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் “இது யாரு சொன்னது?” என்பார். சுகிர்தா சாட்சிக் கோப்பைப் புரட்டி, சொன்னவர் பெயரை ஓரத்தில் எழுதுவார். பெயர் கிடைக்காத வாக்கியத்தை அடிப்பார்கள். முதல் நாள் பதினோரு பக்கம்தான் முடிந்தது. கழுத்து வலித்தது. தாளில் ஒரு சொல்லை அடித்தால், அடித்த சொல் கோட்டுக்குக் கீழே அப்படியே கிடந்தது. மறுநாள் காலையிலும் அது அங்கேயே இருந்தது. நீதிபதி அதைக் கண்டு எரிச்சலடைந்தார். “என் முட்டாள்தனம் எல்லாம் கண்ணு முன்னாலேயே கிடக்கு” என்றார். இருந்தும் அழிப்பானைத் தொடவில்லை.

ஐயம் காணாமல் போயிருந்த இடங்கள் அறுபத்துமூன்று. மச்சாதுவுக்கு எதிராகப் போனவை மட்டும் அல்ல. ‘கூடத்தின் பின்வாசல் திறந்திருந்ததாக ஆலை நிர்வாகம் கூறுகிறது, இதைச் சரிபார்க்க வேறு சாட்சி இல்லை’ என்று சுகிர்தா எழுதியிருந்தது, ‘பின்வாசல் திறந்திருந்தது’ என்று மட்டும் நின்றது. அதையும் பழையபடி எழுதினார்கள். கைதிருத்தப் படியைப் பார்த்துச் சதக் எழுத்துக் கோத்தார். அச்சகத்துக்கு அனுப்பும்வரை திரையை யாரும் வாசிக்கக் கூடாது என்று சுகிர்தா அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு வைத்தார்.

சிறையின் நேர்காணல் அறையில் காவலர் தாள்களை எண்ணினார். பென்சிலைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“இது எதுக்கு மேடம்?”

“அவர் திருத்தம் போட.”

“கைதி அறிக்கையத் திருத்துவானா? நல்லாருக்கே. அப்படியே தீர்ப்பையும் அவனையே எழுதச் சொல்லிருங்க, எல்லாருக்கும் வேலை மிச்சம்.” பென்சிலை இரண்டாக ஒடித்து ஒரு பாதியை மட்டும் கொடுத்தார். “இவ்வளவு போதும்.”

மச்சாதுவுக்கு ஐம்பத்தாறு வயது. சட்டை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தார். தாள் கட்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் பிடித்தார்.

“முழுசா வாசிக்கணுமாம்மா?”

“உங்களைப் பத்தி இருக்கிறது நாப்பது பக்கம்தான்.”

“செத்தவங்க பேரு இருக்கா?”

“மூணாம் பக்கத்துல.”

“அப்ப முழுசா வாசிக்கேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “லாயர் சொல்லிருக்காரு. மணி கேக்கலன்னு சொன்னதுக்கு மேல ஒரு வார்த்தை பேசப்படாதுன்னு.”

“பேச வேண்டாம். தப்பு ஏதாவது இருந்தா மட்டும் குறிச்சுக் குடுங்க.”

ஏழாம் நாள் போனபோது கட்டு நைந்திருந்தது. சுகிர்தா அங்கேயே புரட்டினார். முதல் திருத்தம் மூன்றாம் பக்கத்தில். ஜெசிந்தாவின் வயது இருபத்தாறு அல்ல, இருபத்தொன்பது. நாற்பதாம் பக்கத்தில் குழாயின் அளவு மூன்று அங்குலம் அல்ல, இரண்டு. எழுத்து சின்னதாக, அழுத்தமாக இருந்தது. நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் ‘ஆணையத்தால் உறுதிசெய்ய இயலவில்லை’ என்பதன்மேல் ஒரு கோடு. ஓரத்தில், ‘மணி அடித்தது. நான் கேட்டேன்.’ நூற்று நாற்பதில் பின்வாசலைப் பற்றிய வரிக்குப் பக்கத்தில், ‘திறந்திருக்கவில்லை. வெளியே பூட்டு தொங்கியது. பார்த்தேன்.’

சுகிர்தா தாளை மூடினார். அந்த இரண்டு வரிகளோடு அறிக்கை போனால் மச்சாது வெளியே வருவது நடக்காது. அதை அவருக்குச் சொல்ல வேண்டியது தன் கடமை என்று நினைத்தார்.

“இதை எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும்மா.”

“பூட்டைப் பத்தி மட்டும் எழுதியிருக்கலாமே.”

“ஒண்ண விட்டுட்டு இன்னொண்ண எழுத முடியல. பூட்டப் பாத்தேன்னா, அங்க ஏன் போனன்னு கேப்பீங்க. மணி கேட்டுச்சு, போனேன். மணி கேட்டுச்சுன்னா வால்வ ஏன் மூடலன்னு கேப்பீங்க.” கைகளை மேசையில் விரித்து வைத்தார். “முத நான் வெளியதான் ஓடினேன். அது வாசம் இல்லம்மா, அடி. மூஞ்சில ஓங்கி அடிச்ச மாதிரி. காலு தானா ஓடிருச்சு. மெயின் கேட்டுக்கிட்ட போன பொறவுதான் பொம்பளையாளுக உள்ள இருக்காங்கன்னு மண்டையில ஏறிச்சு. திரும்பிப் பின்வாசலுக்கு வந்தா பூட்டு. எறா களவு போவுதுன்னு மேனேஜர் ஒரு மாசமா பூட்டச் சொல்லிருந்தாரு. தீயணைப்பு வண்டி வரதுக்குள்ள அந்தப் பூட்ட ஆலைக்காரங்களே கழட்டிட்டாங்க.”

“பதினாலு மாசம் ஏன் சொல்லல?”

“யாருட்ட சொல்ல? போலீஸ் வந்தாரு, எல்லாம் தெரியும்னாரு. ஆலைக்காரன் ஆளு வந்தாரு, எல்லாம் தெரியும், வாய மூடிட்டு இருன்னாரு. லாயரும் அதேதான். தெரியலன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். வாசிச்சுட்டு ரெண்டு நாளு தூக்கம் வரல.”

காவலர் நேரமாகிவிட்டது என்றார். மிஞ்சியிருந்த பென்சில் துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அலுவலகத்தில் தாளைப் பார்த்த சதக் ஓரத்தில் எழுதியிருந்ததை இரண்டு முறை வாசித்தார். பிறகு தயங்கிக் கேட்டார்.

“மேடம், அப்ப தெளிவி சொன்னது சரியாத்தானே இருந்திருக்கு? ‘கேட்டும் வெளியேறினார்’. அதைத்தானே இவரும் எழுதியிருக்காரு?”

சுகிர்தாவும் சிறையிலிருந்து வரும் வழியெல்லாம் அதையே யோசித்திருந்தார். பதில் சொன்னவர் நீதிபதி.

“சரிதான் தம்பி. கதவு திறந்திருந்துச்சுன்னும் அதுதான் சொல்லிச்சு. அதையும் சரிங்கியா?”

கெடுவை நீட்டிக் கேட்டு அரசுக்குக் கடிதம் போனது. பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் போய்ப் பின்வாசல் கதவைப் பார்த்தார். வெளிப்புறம் பூட்டு மாட்டும் கொண்டி இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள். அவற்றைப் பசை வைத்து அடைத்து, மேலே வண்ணம் பூசியிருந்தார்கள். ஆணையம் மீண்டும் கூடியது.

வாடகை மண்டபத்தில் காலை பதினொரு மணிக்கு மச்சாது சாட்சிக் கூண்டில் ஏறினார். தன் வாயால் சொல்வது தனக்கே எதிராகப் பயன்படலாம் என்று நீதிபதி இருமுறை எச்சரித்தார். இருமுறையும் அவர் தலையாட்டினார். பின்னால் நீதிமன்றத்தில் மச்சாதுவுக்கு இரண்டு ஆண்டும் மேலாளருக்கு ஏழு ஆண்டும் தண்டனை கிடைத்தன. அன்று அது எவருக்கும் தெரியாது.

ஆலையின் வழக்கறிஞர் எழுந்து, தன் முன்னிருந்த திரையைப் பார்த்தபடி குறுக்கு விசாரணை செய்தார். “ஓடிப்போன மனிதர், இப்போது கதவுமேல் பழியைப் போடுகிறார். அவர் திரும்பி வந்தபோது உள்ளே எல்லாரும் இறந்திருக்கலாம் அல்லவா? பூட்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?”

மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். பியாத்ரிஸ். பக்கத்து ஷெட்டில் இறால் உரிப்பவர். மணி அடித்தது என்று சொன்ன ஒரே சாட்சி அவர்தான். இறந்த ஜெசிந்தா அவருடைய தங்கை.

“ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா அவர?”

வழக்கறிஞர் ஆட்சேபித்தார். சாட்சியைச் சாட்சி கேள்வி கேட்க விதி இல்லை. நீதிபதி அவரை உட்காரச் சொன்னார்.

“எங்கிட்ட கேளும்மா. நான் அவருட்ட கேக்கேன்.”

பியாத்ரிஸ் நீதிபதியைப் பார்க்கவில்லை. மச்சாதுவைப் பார்த்தே கேட்டார்.

“எத்தன எட்டு வச்சு ஓடின?”

“மெயின் கேட்டு வரைக்கும்” என்றார் மச்சாது. “நாப்பது எட்டு இருக்கும்.”

“திரும்பி வர?”

“அதுவும் நாப்பது.”

“வந்து கதவத் தட்டினியா?”

“தட்டினேன்.”

“உள்ளேருந்து?”

மச்சாது கூண்டின் கம்பியைப் பிடித்தார். வழக்கறிஞர் எழப் பார்த்தார். நீதிபதி கையை உயர்த்தினார்.

“தட்டினாங்க” என்றார் மச்சாது.

பியாத்ரிஸ் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர் அவர் தோளில் கை வைத்தார். அவர் அதை எடுத்துவிட்டார்.

வாக்குமூலத்தைச் சாட்சிக்குப் படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும். சுகிர்தா தாளை எடுத்துக்கொண்டு கூண்டருகே போய் வாசித்தார். ‘நான் தட்டியபோது உள்ளேயிருந்து ஒருவர் தட்டும் சத்தம் கேட்டது.’

“ஒருத்தர் இல்லம்மா” என்றார் மச்சாது.

சுகிர்தா ‘ஒருவர்’ என்பதை அடித்தார். பேனாவை அதன்மேல் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். “எத்தனை பேர்?”

அவர் கண்ணை மூடினார். உதடுகள் அசைந்தன. எண்ணிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

“தெரியல.”

‘பலர். எத்தனை பேர் என்று தெரியவில்லை’ என்று சுகிர்தா எழுதித் தாளை நீட்டினார். மச்சாது அந்த வரியில் நின்றார். திரும்பி முதலிலிருந்து இன்னொரு முறை வாசித்தார். பிறகு கையெழுத்திட்டார்.